க்ரீஸ் போடாத வண்டி

வண்டி கொல்லை வாசலில் பாதி உள்ளேயும் பாதி சந்திலுமாக மாட்டிக்கொண்டு நின்றது. வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஏகாதசியன்று காலை அம்மாவுக்கு டயாலிசிஸ். வண்டியை எடுக்காவிட்டால் அன்று அம்மாவை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் பார்த்துவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்வாசல் உத்தர வீதியில், கொல்லை வாசல் பின்னால் இருக்கும், கூட்டம் வராத சந்தில். மற்ற நாட்களில் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் ஆட்டோக்காரரும் முன்வாசல் வழியாகத் தூக்கிப் படியிறக்கி, புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். ஏகாதசி சமயத்தில் வீதியில் தடுப்பு போட்டுவிடுவார்கள். ஆம்புலன்ஸை விடுகிறோம் என்று போலீஸ்காரர்கள் சொல்வார்கள், விடவும் செய்வார்கள். ஜனம் விடாது. போன வருஷம் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினோம். ஒரு ஆள் அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த வயசிலும் சேவிக்கப் போகிறாளே என்று நினைத்திருப்பார். ஆம்புலன்ஸ் நின்ற மூலை வரைக்கும் போக முடியவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தோம். மறுநாள் நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. மூச்சை இழுக்கும்போது குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஐ.சி.யூ.வில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் எங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

அப்போதும் கொல்லைப் பக்கத்தை அந்த வண்டிதான் அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நடுவில் வண்டி. இடுக்கில் மனுஷன் பக்கவாட்டில் நுழையலாம், நாற்காலி நுழையாது. அதனால் இந்த வருஷம் கார்த்திகையிலேயே வண்டியை வெளியே எடுத்துவிடத் தீர்மானித்தேன். அப்பா போனதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. புது பேட்டரி போட்டுக் கிளப்பினேன். கிளம்பியது. முன்பாதி சந்துக்குள் போனதும் கீழே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின்சக்கரத்து ஸ்பிரிங் இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது, அதில் மெயின் பட்டை முறிந்துவிட்டது. ஆக்சில் கோணிக்கொண்டு, டயர் பாடித் தகரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இருந்த இடுக்கையும் நானே அடைத்துவிட்டேன்.

முந்தின நாளே புத்தூரில் ஒரு ரூம் போட்டுத் தங்கிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏகாதசி அன்னிக்கு ஸ்ரீரங்கத்தை விட்டுட்டு வேற ஊர்ல ராத்தங்கவா? நான் மாட்டேன். போயிட்டு வந்துடறேன்."

"எப்படிப் போவேம்மா?"

"அது உன் பாடு."

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா பேங்கில் ஆபீசராக இருந்தவர். திவ்யதேசங்கள் அத்தனையும் சேவிக்க வேண்டும், ஆனால் வெளியில் ஒரு பருக்கை சாப்பிடக் கூடாது. இது அவர் சங்கல்பம். அதற்காக ஒரு பழைய வேனின் அடிச்சட்டத்தை, சேசிஸை மட்டும் வாங்கி, கரூரில் கொடுத்து வீடு மாதிரி பாடி கட்டினார். உள்ளே அடுப்பு மேடை, பித்தளைத் தவலைகள் ஆடாமல் உட்கார வளையம் வெட்டிய பலகை, ஆசாரமான மடித்துணி உலர்த்தக் கொடி, பெருமாளுக்கு ஒரு மரப்பெட்டி, படுக்க இரண்டு பெஞ்சு. இந்தக் காலத்துப் பையன்கள் லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிற வேன் வீட்டை அவர் அப்போதே கட்டிவிட்டார். கழிப்பறை மட்டும் கிடையாது. பெருமாளுக்குச் சமைக்கிற, தளிகை பண்ணுகிற கூரைக்குக் கீழே அது எப்படி இருக்கலாம் என்று கேட்டார். பாடி கட்டுகிறவரிடம் கேட்டார். அம்மாவிடம் கேட்கவில்லை.

நாங்கள் ஆண்கள் ரோட்டோரம் ஒதுங்கினோம். அம்மா தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். விடிகாலையில் கிளம்பினால் ஏதாவது சத்திரம் வரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். பங்குனி வெயிலில், தகரத்துக்குக் கீழே, அடுப்பு முன்னால் நின்றுகொண்டு. கோயிலுக்குப் போனதும் அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் முதலில் சேவித்துவிட்டு வருவோம். அவள் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவதற்குள் சில கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். சர்க்கரையால்தான் கிட்னி போனது என்று டாக்டர் சொல்கிறார். அவர் படித்தவர். நான் அந்த வண்டியால் போனது என்கிறேன். இதைப் பற்றி யாரும் என்னோடு பேச வர வேண்டாம். இன்றைக்கு அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் அளவு. அதற்கு மேல் கேட்டால் நான் கொடுக்க முடியாது.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. அதனால் வண்டி ஓட்டுகிற வேலை எனக்கு வந்தது. பிறகு பாலக்கரையில் லாரி உதிரி பாகங்கள் விற்கும் கடையில் கவுண்டரில் நின்றேன், இன்னும் நிற்கிறேன். அங்கே பழக்கமானவர்தான் இந்த மெக்கானிக். பொன்மலைப் பக்கம் ஸ்பிரிங் பட்டை வேலை செய்கிறவர். என் வயசு. வாயைத் திறந்தால் கிண்டல். வேதக்காரர், வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் கோணியை விரித்து வண்டிக்குக் கீழே போனார்.

"என்ன ஐயங்காரே, இது வண்டியா, கருங்கல் சிலையா? எத்தனை கோட்டு பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?"

"ஆர்.டி.ஓ.ல எஃப்.சி.க்குக் காட்டற ஒவ்வொரு தடவையும் அப்பா கறுப்பு அடிப்பார்."

"எஃப்.சி.க்கு எல்லாருந்தான் அடிக்கிறான். இவரு சந்தனக்காப்பு மாதிரி சாத்தியிருக்காரு. எது போல்ட்டு, எது நட்டுன்னே தெரியல."

ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனையிலும் காது மாதிரி சுருட்டிய வளையம் இருக்கும். ஒவ்வொரு காதுக்குள்ளும் கட்டை விரல் கனத்தில் ஒரு இரும்புப் பின் போய் சேசிஸோடு பிடித்திருக்கும். ஷாக்கிள் பின் என்று பெயர். வண்டி ஆட ஆட அந்தப் பின்னைச் சுற்றித்தான் பட்டை அசைய வேண்டும். இரண்டு பின்னையும் கழற்றினால் உடைந்த பட்டையை இறக்கி வேறு ஏற்றலாம். கழற்றுவது சாதாரண வேலை. சம்மட்டியும், பின்னைத் தட்டித் தள்ளுகிற பஞ்ச் உளியும் இருந்தால் காபி குடிப்பதற்குள் முடியும்.

சக்கரத்துக்கு முன்னால் இருந்த பின்னில் ஆரம்பித்தார். அடித்தார், அடித்தார், ஒரு மயிரிழை நகரவில்லை. அடித்த அடியில் பின்னின் முனைதான் காளான் மாதிரி விரிந்தது. மத்தியானத்துக்கு மேல் பெயிண்டைச் சுரண்டும்போதுதான் தெரிந்தது, பின்னைக் குறுக்கே பிடித்திருக்கும் பூட்டு போல்ட்டு பெயிண்டுக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கழற்றாமல் அடித்திருக்கிறார். இப்போது விரிந்த முனை ஓட்டை வழியாக வராது.

"கடைல போய்ச் சொல்லிடாதீங்க" என்றார்.

"சொல்வேன்."

"சொல்லுங்க. இருபத்தஞ்சு வருசமா பட்டை கழட்டுறவன் லாக் போல்ட்டைப் பாக்கலன்னு சொல்லுங்க. நாளைலேருந்து நீங்களே உருளுங்க கீழ."

விரிந்த முனையை கிரைண்டரில் தேய்த்து எடுத்தார். பூட்டு போல்ட்டை உடைத்து எடுத்தார். டீசல் ஊற்றி ஒரு நாள் ஊற விட்டோம். மறுநாள் மறுபடி அடி. அசையவில்லை. அடிக்கிற ஒவ்வொரு அடியும் வீடு முழுக்கக் கேட்டது. அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் கேஸ் டார்ச் கொண்டுவந்து அந்த இடத்தைச் சுற்றிச் சூடுபடுத்தினார். முதலில் பெயிண்ட் எரிகிற நாற்றம். பிறகு வேறு ஒரு வாசனை வந்தது. எங்களுக்குப் புரிவதற்குள் உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏண்டா, யார் அங்க தாளிக்கறா?"

நல்லெண்ணெய் வாசனைதான். மெக்கானிக் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அப்பா வண்டிக்கு க்ரீஸ் போட விடமாட்டார். க்ரீஸில் மிருகக் கொழுப்பு கலக்கிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற வண்டியில் கொழுப்பு படக் கூடாது. அதனால் ஒவ்வொரு யாத்திரைக்கு முன்பும் க்ரீஸ் போகிற ஓட்டை எல்லாவற்றிலும் விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெயை, சின்ன மூக்குச் செம்பால், தன் கையாலேயே ஊற்றுவார்.

மெக்கானிக் கோணியிலேயே படுத்துக்கொண்டு சிரித்தார்.

"மாட்டுக் கொழுப்புன்னாரா?"

"கொழுப்புன்னார். எந்த மிருகம்னு சொல்லலை."

"மனுசக் கொழுப்புதான் ஐயங்காரே. வேற என்ன."

மெக்கானிக்கின் அப்பாவைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் அவர் அடிப்பார். நான் அடிக்கவில்லை. எனக்கும் அதே அபிப்பிராயம்.

நல்லெண்ணெய் காய்ந்தால் பிசின் ஆகும். வாணலியின் வெளிப்பக்கத்தில் பிடிக்குமே, சுரண்டினாலும் வராத ஒரு பழுப்பு, அதுதான். வருஷக்கணக்காக ஊற்றி ஊற்றி, அதன் மேல் தூசி ஏறி, அதற்குமேல் துரு ஏறி, பின்னும் பட்டையும் ஒரே இரும்பாகிவிட்டது. பின்னைச் சுற்றி அசைய முடியாத பட்டை தன்னையே வளைத்து வளைத்து முறிந்திருக்கிறது. அப்பா வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தார். அவர் காப்பாற்றியது எல்லாம் இப்படித்தான் ஆனது.

வாசனை என்னவென்று தெரிந்ததும் வேலை புரிந்துவிட்டது. பழுக்கப் பழுக்கச் சூடு, பிறகு அடி, மறுபடி சூடு, மறுபடி அடி. சாயங்காலம் அந்த முதலாவது பின் கறுப்பாகப் புகைந்துகொண்டு கீழே விழுந்தது. அதன் மேல் தோல் மாதிரி பிசின் உரிந்து தொங்கியது.

இரண்டாவது பின் டீசல் டேங்குக்குப் பக்கத்தில். அங்கே டார்ச்சைக் காட்ட முடியாது. டேங்கை இறக்கலாம் என்றால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் அதே லட்சணம். டீசலை உறிஞ்சி எடுத்துவிட்டோம். காலி டேங்கில் ஆவி இருக்கும், அதுதான் ஆபத்து என்றார். மேலே பலகைத் தரை, அதில் வருஷக்கணக்காக ஊறிய நெய்யும் எண்ணெயும்.

"பிடிச்சா கொள்ளிக்கட்டை மாதிரி எரியும். வாசல்ல வண்டி எரிஞ்சா உள்ள இருக்குற அம்மாவை எப்படி வெளிய எடுப்பீங்க?" என்றார்.

ஏகாதசிக்கு முந்தின டயாலிசிஸ் முடிந்துவிட்டது; வண்டிக்காக முன்வாசல் வழியாக இறங்கி வேறு வீட்டில் போய் உட்கார அம்மா சம்மதிக்கவில்லை. பின்னை எடுக்காமல் ஏகாதசியன்று அம்மா வெளியே போக முடியாது. அம்மா வெளியே போகாமல் பின்னைச் சூடுபடுத்த முடியாது.

அன்று பார்த்து அமெரிக்காவிலிருந்து அண்ணன் வீடியோவில் வந்தான். வண்டியைக் காட்டு என்றான். காட்டினேன்.

"டேய், அதை வெட்டிக் கிட்டிடாதே. விண்டேஜ் அது. ஒரிஜினல் காம்பர் வேன். பெங்களூர்ல இதெல்லாம் சேர்க்கறவா இருக்கா."

"அம்மா கால் வீங்கியிருக்கு, பாக்கறியா?"

"மெதுவா எடுங்கோடா, நிதானமா. அப்பா ஞாபகம்டா அது."

மெக்கானிக் கீழேயிருந்து கேட்டார், "அவருக்கு அனுப்பிடலாமா? கொரியர்ல போகுமான்னு கேளுங்க." நான் போனை அணைத்தேன்.

இரண்டு நாள் சூடில்லாமல் அடித்தோம். மண்ணெண்ணெய் ஊற்றினோம், பிரேக் ஆயில் ஊற்றினோம், பின்னின் நடுவில் டிரில் போட்டுப் பார்த்தோம். டிரில் பிட்டு ஒன்று உள்ளேயே முறிந்தது. பொன்மலையிலிருந்து பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அவர் கொண்டுவந்திருந்தார். வண்டியின் பின்பாதி ஜாக்கியிலும் அந்தக் கட்டைகளிலும்தான் நின்றது. ஏகாதசிக்கு முந்தின நாள் சாயங்காலம் தடுப்பு போட்டுவிட்டார்கள். போனால் மறுநாள் பாலம் தாண்டி வர முடியாது என்று அவர் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டார். வீதியில் ஜனம் போகிற இரைச்சல் முன்கட்டு வரைக்கும் கேட்டது.

காலையில் அம்மா படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் தெரியவில்லை. பேசினால் பாதி வாக்கியத்தில் மூச்சுக்கு நிறுத்தினாள், போன வருஷம் கேட்ட குடச் சத்தம் மறுபடி கேட்டது. ஆம்புலன்ஸ் சந்துக்குள் வந்து வண்டியின் முகத்துக்கு எதிரே நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். நாங்கள் கடைசியாக ஒரு தடவை சம்மட்டி போட்டோம். பின் அசையவில்லை.

மெக்கானிக் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வண்டியின் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"இது வழியா கொண்டுபோனா என்ன?"

வண்டியின் பின்கதவு எங்கள் கொல்லையில். டிரைவர் கதவு வெளியே சந்தில். நடுவில் அடுப்பு மேடை, அதைத் தாண்டி டிரைவர் சீட்டுக்கும் தளிகை அறைக்கும் இடையே அப்பா அடித்த ப்ளைவுட் தடுப்பு. இந்த வழி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், அந்தத் தடுப்பு எனக்குச் சுவர். முன்னால் இருக்கிறவன் செருப்போடு இருப்பான், கண்ட இடத்தில் டீ குடித்திருப்பான், அவன் பின்னால் வரக் கூடாது என்பது அப்பா விதி. அந்த அவன் நான்தான். அந்தத் தடுப்புக்கு முதுகைக் கொடுத்துத்தான் இத்தனை ஊரும் ஓட்டினேன்.

கடப்பாரையால் தடுப்பை நெம்பினேன். இரண்டு நெம்பில் வந்துவிட்டது.

நாற்காலி மேடைக்குப் பக்கத்தில் நுழையாது. போர்வையில்தான் தூக்க வேண்டும், இரண்டு பேர் வேண்டும். கீழே ஒரு ஜாக்கியும் நாலு மரக்கட்டையும். மூன்று பேர் கனத்தில் கட்டை சரிந்தால் வண்டி உட்கார்ந்துவிடும். மெக்கானிக் குனிந்து கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு பின்கதவுப் படியில் நின்று செருப்பைக் கழற்றினார். கழற்றிவிட்டும் ஏறவில்லை.

"அம்மா, நான் உள்ள வரலாங்களா?"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செருப்பைப் போட்டுக்கோங்கோ. உள்ள ஆணி கிடக்கும்."

அவர் தலைப்பக்கம், நான் கால்பக்கம். உள்ளே கால் வைத்ததும் வண்டி ஒரு முனகல் விட்டு இடது பக்கம் சாய்ந்தது. இருவரும் நின்றோம். "நிக்காதீங்க, நிக்காதீங்க" என்றார். மேடை ஓரத்தில் அம்மாவின் முழங்கை உரசியது. டயாலிசிஸ் ஊசி போடுகிற கை. அவளே அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். டிரைவர் சீட்டின் மேலாக அவளை நீட்ட, வெளியே ஆம்புலன்ஸ்காரர் வாங்கிக்கொண்டார். நான் குதித்து இறங்கும்போது பின்னால் ஒரு கட்டை நழுவி விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

காவேரிப் பாலத்தில் எதிர்த்திசையில் ஊரே கோயிலுக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் மட்டும் வெளியே போனோம். ஆஸ்பத்திரியில் வழக்கமான நேரம் தாண்டியிருந்தது. சிஸ்டர் திட்டினார், திட்டிக்கொண்டே ஆக்சிஜன் வைத்து மெஷினில் போட்டார். கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடத்தில் மொள்ளுகிற சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகுதான் என் உள்ளங்கையில் ப்ளைவுட் சிலாம்பு ஏறியிருப்பதைப் பார்த்தேன்.

மத்தியானம் மெக்கானிக் போன் பண்ணினார்.

"கட் பண்ணிட்டேன்."

"என்னது?"

"டேங்க் பக்கத்துப் பின்னு. அம்மாதான் வெளிய போயிட்டாங்களே, இனிமே எரிஞ்சா எரியட்டும்னு கேஸ் கட்டிங் வச்சு அறுத்துட்டேன். டேங்குல தண்ணிய ரொப்பிட்டுத்தான் செஞ்சேன். ஒரு பலகை மட்டும் எரிஞ்சுது, வாளித் தண்ணில அணைச்சுட்டேன். ஆக்சிலை நேராக்கி, நடுவுல கட்டை வச்சுச் சங்கிலி போட்டு, சந்துல நின்ன ஆளுங்களை வச்சுத் தள்ளியாச்சு. வண்டி வெளிய நிக்குது. உங்க அண்ணன் கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"தண்ணிய ரொப்பிட்டு முன்னாடியே செஞ்சிருக்கலாமே?"

சங்கிலியைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது.

"உள்ள ஆள வச்சுக்கிட்டுச் செய்ய மாட்டேன் ஐயங்காரே. தண்ணி ரொப்புனாலும் மாட்டேன். ஒரு தடவ பாத்திருக்கேன்."

சாயங்காலம் ஆம்புலன்ஸ் சந்து வழியாக நேரே கொல்லைக்குள் வந்தது. அடுத்த வீட்டுச் சுவரோரமாக வண்டி நின்றது. பின்னால் ஒரு பக்கம் ஸ்பிரிங் இல்லை, சங்கிலியில் தொங்கியது. திறந்த கதவு வழியாக எரிந்த பலகையும் அடுப்பு மேடையும் தெரிந்தன. அம்மாவை நாற்காலியிலேயே இறக்கினோம். அவள் வண்டியைப் பார்த்தாள்.

"இதை என்னம்மா பண்ணட்டும்? அண்ணா வெச்சுக்கோங்கறான். எடைக்குப் போட்டுடவா?"

"என்னை ஏண்டா கேக்கறே. நாளன்னிக்குக் கார்த்தால டயாலிசிஸ் இருக்கு. அவருக்கு இப்பவே சொல்லி வை." ஆம்புலன்ஸ் டிரைவரைக் காட்டினாள்.